ஒரே அரங்கில் பார்த்த இரண்டு ஆட்டங்களும் பிளே-ஆஃப் வரிசையும்

அமெரிக்க ஆடவர் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில், லீக் சுற்றுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப்பில், கிழக்கு, மேற்கு என்ற கான்ஃபரன்ஸ் பிரிவைக் கணக்கில் கொள்ளாமல், வெற்றிகளை மட்டும் வைத்து 16 அணிகளையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் நகரிலுள்ள டார்கெட் சென்டரில் நேரில் பார்த்த இரண்டு ஆட்டங்களால்தான்.

முதலாவது, 2016 அக்டோபரில் நடந்த, மகளிர் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.யின் இறுதிச்சுற்றின் ஐந்தாம் ஆட்டம். மகளிர் லீக் அந்த ஆண்டுதான் துணிந்து பிரிவுக் கணக்கைக் கைவிட்டு, எட்டு அணிகளையும் ஒன்று முதல் எட்டு வரை வரிசைப்படுத்தியது. மினசோட்டா லிங்க்ஸ் 28 ஆட்டங்களிலும் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ் 26 ஆட்டங்களிலும் வென்றிருந்தன. அடுத்த இடத்தில் இருந்த நியூயார்க் அணியின் வெற்றிகளோ 21. முதல் இரு அணிகளும் மேற்கைச் சேர்ந்தவை என்பதால், பழைய விதி நீடித்திருந்தால் அவற்றுள் ஒன்று இறுதிச்சுற்றுக்கு முன்பே வெளியேறியிருக்கும். புதிய விதியால் அவை கடைசி வரை வந்து, ஆளுக்கு இரண்டு ஆட்டங்கள் வென்று, ஐந்தாம் ஆட்டத்தின் கடைசி விநாடிகள் வரை மோதின. மினசோட்டாவின் மாயா மூர் பந்தை வளையத்தில் சேர்த்துத் தன் அணியை ஒரு புள்ளி முன்னிலைக்குக் கொண்டுவந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. 3.1 விநாடிகள் மிச்சமிருக்கையில் வளையத்தடியில் கிடைத்த பந்தை ஸ்பார்க்ஸின் நெகா ஒகுமிகே பின்னால் சாய்ந்தபடி உள்ளே போட, 77-76 என்று ஸ்பார்க்ஸ் பட்டம் வென்றது. உள்ளூர் அணி தோற்றதில் எங்களுக்கு மிகுந்த வருத்தம். ஆனாலும், நாட்டின் தலைசிறந்த இரண்டு அணிகளைத்தான் இறுதிச்சுற்றில் பார்த்தோம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. மறு ஆண்டும் இதே இரு அணிகள் இறுதிச்சுற்றில் சந்தித்தன. அப்போது 3-2 என்று மினசோட்டா வென்றது.

இரண்டாவது, 2018 ஏப்ரல் 11 அன்று நடந்த மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் - டென்வர் நகெட்ஸ் என்.பி.ஏ. ஆட்டம். அது இரு அணிகளுக்கும் லீக் சுற்றின் 82-ஆவது, அதாவது கடைசி ஆட்டம். இரண்டுமே அதுவரை 46 வெற்றிகள் பெற்றிருந்தன. மேற்குக்கான எட்டு இடங்களில் மிச்சமிருந்ததோ ஒன்றே ஒன்று. ஆட்டம் சமநிலையில் முடிந்து ஓவர்டைம் எனும் கூடுதல் நேரத்துக்குப் போய் 112-106 என்று மினசோட்டா வென்றது. 2004-க்குப் பிறகு முதன்முறையாக பிளே-ஆஃப்பில் நுழைந்த மகிழ்ச்சியில் முன்பின் அறியாதவர்களைக்கூடக் கட்டிப்பிடித்துக் கொண்டோம். எனக்கு இரண்டு இருக்கைகள் தள்ளி, டென்வர் வீரர் யோக்கிச்சின் 15-ஆம் எண் சட்டை அணிந்த ஒருவர் மகளோடு அமர்ந்திருந்தார். கிழக்கில் வாஷிங்டன் 43 வெற்றிகளோடு உள்ளே போகிறதே, நாம் மட்டும் ஏன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தச் சிறுமி கைபேசியில் அட்டவணையைக் காட்டிக் கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. கேட்டுக் கொண்டிருந்த எங்களிடமும் இல்லை.

பிரிவைப் பார்க்காத வரிசை அன்று நடைமுறையில் இருந்திருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே இரு அணிகளும் தகுதி பெற்றிருக்கும். வாஷிங்டன்தான் வெளியே நின்றிருக்கும். அதனால் அந்த இரவின் பரபரப்பும் பெருமளவு குறைந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகுதியுள்ள ஓர் அணிக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதால் கிடைக்கும் பரபரப்பு எனக்கு வேண்டியதில்லை. இது ஓர் ஆண்டின் விபத்தும் அல்ல: 2008-இல் கோல்டன் ஸ்டேட்டும் 2014-இல் ஃபீனிக்ஸும் 48 ஆட்டங்கள் வென்றும் மேற்கில் இடம் கிடைக்காமல் நின்றன; கிழக்கில் அட்லாண்டா முறையே 37, 38 வெற்றிகளோடு உள்ளே சென்றது.

பயணத் தொலைவு அதிகமாகும் என்ற மறுப்பை மினியாபோலிஸில் வாழும் எவராலும் முழுமையாக ஏற்க முடியாது. எங்களுக்கு மிக அருகில் இருக்கும் மில்வாக்கியும் சிகாகோவும் கிழக்குப் பிரிவில் இருக்கின்றன. ‘எங்கள்’ பிரிவின் போர்ட்லாந்துக்குப் போக இரண்டு நேர மண்டலங்களைக் கடக்க வேண்டும். போர்ட்லாந்தும் மயாமியும் முதல் சுற்றிலேயே மோத நேர்ந்தால் வீரர்களுக்கு அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆட்டங்களுக்கு இடையே ஒரு நாள் கூடுதலாக ஓய்வு கொடுத்தால் அதைச் சமாளித்துவிடலாம்.

உண்மையான சிக்கல் ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்களில் 52-ஐத் தன் பிரிவுக்குள்ளும் 30-ஐ மட்டும் மறு பிரிவோடும் ஆடுகிறது. எதிராளிகள் சமமாக இல்லாதபோது வெற்றிகளை ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். 2018-இல் என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வரும் இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசியபோது அட்டவணைச் சமநிலையையும் பயணத்தையுமே தடைகளாகச் சொன்னார். என் பார்வையில், வலுவான மேற்குக்குள் கூடுதலாக ஆடி 46 வென்ற டென்வரின் கணக்கு, கிழக்கில் 43 வென்ற வாஷிங்டனின் கணக்கைவிட எடை கூடியதே தவிரக் குறைந்ததல்ல.

முழு மாற்றம் உடனே வராது என்றால், அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளையாவது பிரிவு பார்க்காமல் மறுவரிசைப்படுத்தலாம். லீக் நிர்வாகமே 2019 இறுதியில் அந்த யோசனையை முன்வைத்துவிட்டு, 2020 ஜனவரியில் வாக்கெடுப்புக்குக் கொண்டு செல்லாமல் நிறுத்திக்கொண்டது. அதை மீண்டும் எடுத்து அணி உரிமையாளர்களின் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். அதற்காவது கிழக்குப் பிரிவின் உரிமையாளர்கள் ஆதரவு தர வேண்டும்.