வாசல் கண்ணாடி, வாயு மூலை, தூர்த்த கிணறு: வாஸ்துவும் வழக்கும் சேர்ந்து வந்த அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

எதிர்வீட்டுக்காரர்கள் நிலைக்கு மேலே பாகுவா கண்ணாடி மாட்டிய விஷயம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அந்தக் கண்ணாடி எல்லாருக்கும் தெரிந்ததுதான். எட்டுமூலைச் சட்டம், நடுவில் வட்டக் கண்ணாடி. எதிரே இருந்து வரும் கெட்டதைத் திருப்பி அனுப்பும் என்று சீன வாஸ்துக்காரர்கள் மாட்டச் சொல்வது.

எங்கள் வீட்டை ஒட்டி வரும் பாதை நேரே அவர்கள் வாசலில் முட்டி, அங்கே திரும்பித் தோப்புக்குப் போகிறது. தெருக்குத்து என்று யாரோ சொல்லி, பாதைக்குக் குறுக்கே கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். தேங்காய் ஏற்ற வண்டி போகாது. வேறு வழியில்லாமல் கேஸ் போட்டோம். கேஸ் போட்ட பிறகும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருந்தது. அந்த அக்கா எங்கள் மாட்டுப் பால்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அத்தையும் அவரும் பழனிக்குச் சேர்ந்து போகிறவர்கள்.

கண்ணாடி மாட்டிய அன்று சாயங்காலம் அத்தை திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மேற்கே சாய்ந்த வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு, உள்ளங்கை அளவு வெளிச்சமாக அத்தையின் முகத்தில் விழுந்தது. கண் ஆபரேஷன் செய்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், பார்த்தார், உள்ளே போய்விட்டார். "நம்ம கிட்ட இருந்து கெட்டதுதான் வருதுன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றார் அத்தை. அடுத்த நாள் பாலுக்கு யாரும் வரவில்லை.

கேஸ் கூட அத்தைக்கு வருத்தம் தரவில்லை. கண்ணாடிதான் தந்தது. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

நகரி நெசவு:

எனக்கு நடந்தது வேறு மாதிரி, நன்மையாகத்தான் நடந்தது. நகரியில் பவர்லூம் வைத்திருக்கிறோம். 2025-ல் நூல் கடைக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. நமக்கு வரவேண்டிய பணம் வெளியூரில் நின்றுபோனதுதான் காரணம். சென்னையிலிருந்து ஃபெங் சுயி, அதாவது சீன வாஸ்து, பார்ப்பவர் ஒருவரை மச்சான் கூட்டி வந்தார்.

அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நேரே ஆபீஸ் ரூமுக்குப் போனார். வடமேற்கு ரூம். மூன்றாம் நட்சத்திரம், அதாவது சண்டை, கோர்ட் வழக்குக்கான நட்சத்திரம், அந்த வருஷம் வடமேற்கில் இருக்கிறது, பிப்ரவரி 3, 4 வாக்கில்தான் இவர்கள் கணக்குக்கு வருஷம் மாறும் என்றார். ரூம் வாசலில் தொங்கிய காற்றுமணியைக் காட்டி, "சத்தம் அதை எழுப்பும், முதலில் இதைக் கழற்றுங்கள். அது மர வகை. நெருப்பு வைத்தால் அடங்கும், ஒரு சிவப்பு விளக்கு போடுங்கள்" என்றார்.

நான் ஸ்டூல் மேல் ஏறி மணியைக் கழற்றுகிறேன், கீழே தபால்காரர் ரிஜிஸ்தர் தபாலோடு நிற்கிறார். வக்கீல் நோட்டீஸ். ஒரு கையில் மணி, அது ஆடி ஆடிச் சத்தம் போடுகிறது, மறு கையால் கையெழுத்துப் போட்டேன். அந்த நிமிஷம் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம் லோக் அதாலத்தில் பேசி முடித்துவிட்டோம். நூல் கடைக்காரர் அதுவரை போனைக்கூட எடுக்காதவர், அன்று தவணைக்குச் சரி என்றார். விளக்கு இன்னும் எரிகிறது.

பாலக்காடு தச்சன்:

நகரி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் தலைமுறையாகக் கோலும் விரலுமாகக் கணக்குப் போட்டு வீடு கட்டுகிறவர்கள். ஒரு கோல் 24 விரல், 72 சென்டிமீட்டர். அந்த அளவுக்குள்தான் எங்கள் சாஸ்திரம் நிற்கிறது. சீனக் கணக்கில் நட்சத்திரம் வருஷா வருஷம் இடம் மாறும். 2026-ல் அதே மூன்று மேற்குக்குப் போய்விட்டது. நம் கணக்கில் வடமேற்கு வாயு மூலை, அது என்றைக்கும் வாயு மூலைதான், அது கெட்டால் வழக்கு வரும் என்று நம் பெரியவர்களும் சொன்னார்கள். உங்கள் ஆபீஸ் இருந்ததே அந்த மூலையில்தான். அதற்குச் சிவப்பு விளக்கு பரிகாரம் ஆகாது. இரண்டு சாஸ்திரத்தையும் ஒரே வீட்டில் கலக்காதீர்கள். கலந்த வீடுகளை நான்தான் போய் இடித்துச் சரிசெய்கிறேன்.

மருமகளுக்கு: பாதை வாசலில் முட்டுவது இரண்டு முறையிலும் தோஷம்தான், அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு வாசலைச் சற்றுத் தள்ளி வைப்பார்கள், இல்லையென்றால் தெருக்குத்துப் பிள்ளையார் வைப்பார்கள். ஊர் வழியை அடைக்கச் சொல்லி எந்தத் தச்சனும் சொல்லமாட்டான். அந்தக் கண்ணாடியையும் அடுத்தவர் வாசலைப் பார்த்து மாட்டக்கூடாது என்று ஃபெங் சுயிக்காரர்களே சொல்வார்கள்.

நகரி நெசவு:

தச்சரே, எனக்கு வேலை நடந்தது. கடன்காரர் மனம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

பாறசாலை:

எங்கள் கதை சின்னது. தென்மேற்கில், கன்னி மூலையில், தாத்தா காலத்துக் கிணறு. அது அங்கே இருக்கும்வரை வீட்டில் வழக்கு ஓயாது என்று ஒருவர் சொல்ல, சித்தப்பா அதைத் தூர்த்து வாழை வைத்துவிட்டார். அப்போது எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை.

ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில், மேற்கு அதிர் (எல்லை) "கிணற்றின் மேற்குக் கரை" என்று எழுதியிருக்கிறது. பக்கத்து நிலம் கைமாறியதும் புதிதாக வாங்கியவர் வேலியை உள்ளே தள்ளிப் போட்டார். கோர்ட்டிலிருந்து வக்கீல் கமிஷனர் வந்தார், கூடவே சர்வேயர். ஆதாரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "கிணறு எவிடே?" என்று கேட்டார். அப்பா வாழையைக் காட்டினார். கமிஷனர் வாழையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அப்பா நீட்டிய கையை வெகுநேரம் கீழே போடவே இல்லை.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். பரிகாரம் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எதையாவது இடிக்கும் முன், தூர்க்கும் முன், மரம் வெட்டும் முன் ஆதாரத்தை எடுத்து நான்கு அதிரையும் படியுங்கள். கிணறு, அதிர்க்கல், பனை, ஓடை என்று எது எழுதியிருந்தாலும் அதைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் அளந்து வரைபடம் போட்டு, பக்கத்து நிலத்துக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். நம் கேரளப் பக்கத்தில் வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து கரம் (நிலவரி) கட்டிய ரசீது, தமிழ்நாட்டுப் பக்கம் பட்டாவும் வில்லங்கச் சான்றும், ஆந்திராவில் அடங்கல். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மருமகளே, உங்கள் பாதைக்கு இது முக்கியம். 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்த வழி என்றால் 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் அடைத்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் உடனே போனது நல்லது. பழைய தேங்காய் வியாபாரி, வண்டிக்காரர் யாராவது இருந்தால் சாட்சிக்குச் சொல்லி வையுங்கள்.

நகரி அண்ணா, செக் கேஸில் நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளில் பணம் கட்டவேண்டும், தவறினால்தான் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் புகார் கொடுக்க முடியும். லோக் அதாலத்தில் முடித்ததன் மேல் அப்பீல் கிடையாது, அதனால் அந்தத் தீர்ப்பு நகலைப் பத்திரமாக வையுங்கள். வடமேற்கோ தென்கிழக்கோ, ஈரம் படாத, கரையான் வராத அலமாரி போதும்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

பாறசாலை அண்ணா, வண்டிக்காரத் தாத்தா இருக்கிறார், வக்கீலிடம் சொல்கிறேன். ஆனால் நான் கேட்டது சட்டம் இல்லை. அந்த அக்காவிடம் போய்ப் பேசலாமா என்றுதான் யோசிக்கிறேன். கேஸ் நடக்கும்போது பேசினால் தப்பாகுமா?

உங்கள் கிணறு என்ன ஆயிற்று?

பாறசாலை:

பேசலாம், சட்டத்தில் தடை இல்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் இரண்டு பேரும்தானே பழனிக்குப் போகிறவர்கள்.

கிணற்றுக்கு, கமிஷனர் முன்னால் தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். கல்கட்டு உள்ளே அப்படியேதான் இருக்கவேண்டும், மண்ணைத்தான் போட்டார்கள். மண் சுமந்தவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார். சித்தப்பா இன்னும் வாழையை வெட்டச் சம்மதிக்கவில்லை.