ஏற்காட்டு வீட்டுக்குப் புது பிஎஸ்5: முதல்ல எந்த கேம்?

மலைக்காற்று:
பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) ஸ்லிம், டிஸ்க் போடுற மாடல் வாங்கியிருக்கு. வீடு ஏற்காட்டுல நாகலூர் பக்கம். ஃபைபர் கிடையாது, ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாதான். லீவுக்கு அக்கா பசங்க ரெண்டு பேர் வருவாங்க, 9 வயசும் 12 வயசும். யாருக்கும் கன்சோல் பழக்கம் இல்ல. 6,000 ரூபா ஒதுக்கலாம். எதுல ஆரம்பிக்கட்டும்?

அஞ்சுரோடு_கேமர்:
டிஸ்க்ல காசைப் போடாதீங்க. புது டிஸ்க் ஒண்ணு 5,000 ரூபாயைத் தொடுது. அதைவிடக் குறைஞ்ச காசுக்கு பிஎஸ் பிளஸ் எக்ஸ்ட்ரா சந்தா மூணு மாசம் கட்டலாம், நெட்ல இறக்கி ஆடுறது, உள்ள நூத்துக்கணக்குல கேம் இருக்கு. புதுசா ஆடுறவங்களுக்கு ரேஸ் பிடிக்குமா, கத்திச் சண்டை பிடிக்குமா, புதிர் பிடிக்குமான்னே தெரியாது. பத்தைத் தொட்டுப் பார்த்தாதான் தெரியும். வாங்கின ஒரே டிஸ்க் பிடிக்கலன்னா கன்சோலே பரணுக்குப் போயிடும்.

குகை_டிஸ்க்:
அவர் நெட்டைப் பத்தி எழுதினதைப் படிச்சீங்களா? பெரிய கேம் ஒண்ணு 90 ஜிபி வரும். வேற எதுக்கும் டேட்டாவைத் தொடாம இருந்தாக்கூட 45 நாள் ஆகும். மூணு மாசச் சந்தாவுல ரெண்டு கேம் இறங்கி முடியும்போது சந்தாவும் முடிஞ்சிடும், அதோட ரெண்டும் பூட்டிக்கும். டிஸ்க்னா போட்ட உடனே அதுல இருந்தே இன்ஸ்டால் ஆகும், ஆடி முடிச்சா வித்துடலாம்.

ஆனா எல்லா டிஸ்க்கும் ஒண்ணில்ல. 2022-ல வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்ல 100 எம்பிகூட இல்ல, மொத்தமும் நெட்ல இருந்துதான் வரணும். கிரான் டூரிஸ்மோ 7 டிஸ்க்ல வந்தாலும் பெரும்பகுதி ஆட்டத்துக்கு நெட் இணைப்பு இருந்தாகணும். உங்க வீட்டுக்கு இது ரெண்டும் வேண்டாம்.

முதல் கேமுக்குக் காசே தேவையில்ல. ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் கன்சோலுக்குள்ளயே இருக்கு. இடது ஸ்டிக்ல ஆளை நகர்த்திக்கிட்டே வலது ஸ்டிக்ல கேமராவைத் திருப்புறதுதான் புதுசா வர்றவங்க திணறுற இடம், அது இதுல விளையாட்டா பழகிடும். ட்ரிகர் இறுகுறது, மைக்ல ஊதுறது எல்லாம் இதுலயே வந்துடும். இதை முடிக்காம வேற டிஸ்க்கைப் பிரிக்காதீங்க.

பசங்களுக்கு சாக்பாய்: எ பிக் அட்வெஞ்சர். ஒரே டிவியில நாலு பேர் வரைக்கும் சேர்ந்து ஆடலாம். உங்களுக்கு, பசங்க தூங்கின பிறகு, கோஸ்ட் ஆஃப் சுஷிமா. டச்பேடை மேல தள்ளினா காத்து கிளம்பி, போக வேண்டிய திசைக்குப் புல்லையும் இலையையும் சாய்ச்சுக் காட்டும். திரை மூலையில மேப்பையே பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம், சுலப நிலையும் உண்டு. புதுசா ஆடுறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டல் வேற கேம்ல இல்ல. ரெண்டுமே பிஎஸ்4 டிஸ்க்கா பழைய விலைக்குக் கிடைக்கும், பிஎஸ்5-ல நல்லா ஓடும்.

சேர்வராயன்:
ரெண்டாவது கண்ட்ரோலரை மறந்துட்டீங்க. பெட்டியில ஒண்ணுதான் வரும். பிஎஸ்5-ஓட கண்ட்ரோலர் டூயல்சென்ஸ் புதுசு 6,000-ஐ ஒட்டி நிக்குது, அவர் பட்ஜெட் அதோட காலி. அதனால சாக்பாய்க்கு முன்னாடி கண்ட்ரோலர்.

குகை_டிஸ்க்:
அதுக்குத்தான் பிஎஸ்4 டிஸ்க் சொன்னேன். பிஎஸ்4-ஓட பழைய கண்ட்ரோலர் டூயல்ஷாக் 4 பிஎஸ்5-லயும் இணையும், ஆனா பிஎஸ்4 கேமுக்கு மட்டும்தான் வேலை செய்யும். சாக்பாயோட பிஎஸ்4 டிஸ்க்கைப் போட்டா "பிஎஸ்5 பதிப்புக்கு மாறலாம்"னு திரையில வரும். மாறாதீங்க. மாறினா புதுசா டவுன்லோடு ஆரம்பிக்கும், பழைய கண்ட்ரோலரும் செத்த மாதிரி கிடக்கும். பலர் கண்ட்ரோலர் கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறது இதனாலதான். பிளே பட்டன் பக்கத்துல மூணு புள்ளியை அழுத்தினா எந்தப் பதிப்பு ஓடுதுன்னு தெரியும்.

பழசு வாங்கும்போது அங்கயே யூஎஸ்பி கேபிள்ல கன்சோலோட இணைச்சு, ஸ்டிக்கைத் தொடாம ஒரு நிமிஷம் பாருங்க. திரையில ஆள் தானா நகர்ந்தா வாங்காதீங்க.

அஞ்சுரோடு_கேமர்:
டேட்டா பிரச்சினைக்கு வழி இருக்கு. சேலத்துல சொந்தக்காரங்க வீட்டுல ஃபைபர் இருக்குமே. டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு கன்சோலைத் துணியில சுத்தி பையில வச்சுக் கீழ கொண்டு வாங்க. 1 டிபி கன்சோல்ல பயன்படுற இடம் 840 ஜிபி அளவு. 100 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 100 மெகாபிட்) இணைப்புல 90 ஜிபி ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல இறங்கும். ஒரே ராத்திரியில நாலு கேம். மேல போறதுக்கு முன்னாடி "கன்சோல் பகிர்வும் ஆஃப்லைன் விளையாட்டும்" செட்டிங்கை ஆன் பண்ணணும். பண்ணாட்டி நெட் இல்லாத வீட்டுல கேம் மேல பூட்டுதான் தெரியும்.

குகை_டிஸ்க்:
20 கொண்டை ஊசி வளைவுல ஒவ்வொரு கேமுக்கும் கன்சோலைச் சுமக்கணுமா? சந்தாப் பட்டியல்ல இருந்து கேமைத் தூக்கிட்டாங்கன்னா திரும்ப சேலத்துக்கு இறங்கணும். இது நெட் இருக்கிற சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குச் சரி, நாகலூருக்கு இல்ல.

அஞ்சுரோடு_கேமர்:
லீவுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போதும். ஒரு மாசம் மட்டும் கட்டி, லீவு முழுக்க ஆடி, நிறுத்திடுங்க. பிடிச்ச ஒண்ணை மட்டும் பிறகு டிஸ்க்கா வாங்கிக்கலாம். முதல்ல ருசி பார்க்கட்டும்.

சேர்வராயன்:
எந்தப் பக்கம் போனாலும் கரண்டைப் பாருங்க. மழைக்காலத்துல மலையில அடிக்கடி போகும். கேம் சேவ் ஆகும்போது போனா டேட்டா கெடும். பெரிய கேம் ஓடும்போது கன்சோல் 200 வாட் அளவுக்கு இழுக்கும், 55 இஞ்ச் டிவியும் சேர்ந்தா 300 தாண்டலாம். 360 வாட் தாங்குற 600 விஏ யூபிஎஸ் விளிம்புல நிக்கும். 600 வாட் தாங்குற 1,000 விஏ எடுங்க. ரெஸ்ட் மோடுல (அரைத்தூக்க நிலையில) விடாம முழுசா ஆஃப் பண்ணுங்க. அப்படியும் தடுமாறினா, ஆஃப் நிலையில பவர் பட்டனை ரெண்டாவது பீப் வரைக்கும், ஏழு செகண்ட் அளவுக்கு, அழுத்திப் பிடிச்சு, கண்ட்ரோலரை கேபிள்ல மாட்டி, திரையில வர்ற சேஃப் மோட் மெனுவுல அஞ்சாவது வரியில இருக்கிற கேஷ் (தற்காலிகக் கோப்பு) நீக்கம், டேட்டாபேஸ் திருத்தத்தை ஓட்டுங்க. சேவ் அழியாது.

டிவியில கேம் மோடையும் போடுங்க. இல்லன்னா பட்டனை அழுத்தினதுக்கும் ஆள் குதிக்கிறதுக்கும் இடைவெளி தெரியும், பசங்க கேம் மேல பழி போடுவாங்க.

இன்னொண்ணு, வெண்பான்னு ஒரு கேம். 2023-ல வந்தது, 1980-கள்ல கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தோட கதை. கிழிஞ்ச சமையல் குறிப்பை வச்சு இட்லி எப்படி வேகும்னு நாமளே கண்டுபிடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியும், அளவும் சின்னது, உங்க மொபைல் டேட்டாவே போதும். அக்காவையும் உக்கார வச்சு ஆடுங்க.

மலைக்காற்று:
நன்றிங்க. துபாய்ல இருந்து மாமா டிஸ்க் வாங்கிட்டு வர்றேன்னார். ஓடுமா?

குகை_டிஸ்க்:
ஓடும், பிஎஸ்5-ல டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு இல்ல. ஆனா அந்த கேமுக்கான கூடுதல் பகுதியை இந்தியக் கணக்குல வாங்கினா பொருந்தாமப் போகலாம். எல்லாமே டிஸ்க்குக்குள்ளயே இருக்கிற முழுப் பதிப்பா பார்த்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க. சாக்பாயா இருந்தா பெட்டி மேல பிஎஸ்4-னு போட்டிருக்கணும், அதையும் மாமாகிட்ட அழுத்திச் சொல்லிடுங்க.