மேலத்தெரு வீடு குரூப்: சிவப்பு போனும் ஃபைபர் பெட்டியும்

பெரியப்பா: பைபர்காரன் நேத்தே மாட்டிட்டுப் போயிட்டான். நெட்டு வருது. போன் செத்துக் கெடக்கு. வெள்ளிக்கிழம கோயில் கொட. வெளியூர்க்காரன் பூரா அந்த நம்பருக்குத்தான் அடிப்பான். ஏ சங்கரு, என்னன்னு பாரு

ராஜி அத்தை: எந்த போன்ணே? அந்தத் தட்டு சுத்துத செவப்பா?

பெரியப்பா: ஆமா

ராஜி அத்தை: ம்

மும்பை சித்தப்பா: கவலப்படாதீய. பழைய போன நெட்டுல சேக்குத கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 அடாப்டர் ஒண்ணு கூரியர்ல போட்டாச்சு. நாளைக்கு வந்துரும்

சங்கர்: சித்தப்பா, ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்

மும்பை சித்தப்பா: ஏம்ல

சங்கர்: செல்வி மதினி, பெட்டிக்குப் பின்னால ஒரு போட்டோ அனுப்புங்க

செல்வி மதினி: 📷

சங்கர்: நாலு அகலமான ஓட்ட நெட்டுக்கு. ஓரத்துல குறுகலா ஒண்ணு, பக்கத்துல போன் படம் போட்டுருக்கு பாருங்க. அதான் போன் போர்ட். அடாப்டர் செய்யுத வேலைய இந்தப் பெட்டியே செஞ்சிரும். டயல் டோன் குடுக்கும், மணி அடிக்க வோல்டேஜ் குடுக்கும், பேச்ச பாக்கெட்டா மாத்தி அனுப்பும். 04634 நம்பருக்குத் தனி அடாப்டர் தேவையே இல்ல. வாங்குனாலும் ஆகாது. அதுக்கு எஸ்ஐபி (நெட்டு வழியா போன் பேசுத முறை) சர்வர் பேரு, யூசர், பாஸ்வேர்டு மூணும் வேணும். நம்ம கம்பெனி அத வெளிய குடுக்க மாட்டான், பெட்டிக்குள்ளயே பூட்டி வச்சிருக்கான்.

கார்த்தி: சித்தப்பா 😂

மும்பை சித்தப்பா: சரி சரி

சங்கர்: பெரியப்பா, பெட்டி முகப்புல போன் விளக்கு எரியுதா?

பெரியப்பா: பச்சையா நாலு எரியுது. எது போனுன்னு யாரு கண்டா

செல்வி மதினி: எரியுது. அணையாம நிக்கி

சங்கர்: அப்ப நம்பர் ரிஜிஸ்டர் ஆயிட்டு. எரியலன்னாத்தான் கம்பெனிக்கு அடிக்கணும், நம்ம ஒயரக் கொடஞ்சு பிரயோசனம் இல்ல. இப்ப சிவப்பு போன நேரா அந்த ஓட்டைல சொருகுங்க. சுவத்துல சொருகாதீய

பெரியப்பா: பெட்டிலேருந்து சுவத்துப் பெட்டிக்கு ஒரு ஒயரு விட்டா அடுக்களைலயும் மாடிலயும் அடிக்கும்லா? அததான் செய்யப் போறேன்

சங்கர்: நில்லுங்க நில்லுங்க. அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு. தெருக் கம்பத்துலேருந்து வார பழைய ஒயரு முதல்ல வந்து சேருத ரோசட் பெட்டி திண்ணைல, மீட்டருக்கு மேல இருக்கும். மூடியக் கழத்துனா ரெண்டு ஸ்க்ரூ. தெரு ஒயரு ரெண்டு கம்பியையும் அதுலேருந்து கழத்தி, தனித்தனியா டேப் சுத்தி ஒதுக்கிருங்க. வீட்டுக்குள்ள போற கம்பி அப்படியே இருக்கட்டும். லைன் செத்துட்டுல்லாங்காதீய. எக்ஸ்சேஞ்சுக்காரன் எவனாவது கம்பத்துல மறுபடி சேத்துட்டாம்னா 48 வோல்ட் உள்ள வரும், பெட்டியோட போன் போர்ட் கருகிரும். ஸ்க்ரூவுல பச்சக் களிம்பு ஏறிருந்தா சொரண்டிட்டு முறுக்குங்க, இல்லன்னா கரகரங்கும்.

ராஜி அத்தை: கணியான் கூத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?

பெரியப்பா: குடுத்தாச்சு

ராஜி அத்தை: யாரு குடுத்தா?

பெரியப்பா: யாரு குடுத்தா என்ன

செல்வி மதினி: மாமாதான் குடுத்தாவ. சங்கர் தம்பி, சொருகியாச்சு. டோன் வருது!! ஆச்சி காதுல வச்சுக்கிட்டு எறக்க மாட்டேங்காவ

சங்கர்: ஒம்பத ஒரு சுத்து சுத்தச் சொல்லுங்க. தட்டு திரும்பி வாரப்ப ஒம்பது டக்கு கேக்கும். அதுக்கப்புறம் டோன் நிக்கா, நிக்காம ஓடுதா?

செல்வி மதினி: ஓடுது. நிக்கவே இல்ல

சங்கர்: நினச்சேன். சுத்துத போன் பல்ஸு. ஒண்ணுக்கு ஒரு துடிப்பு, சைபருக்குப் பத்து. ஃபைபர் பெட்டி பலதுக்குப் பட்டன் அமுக்குனா வார டோன் மட்டுந்தான் புரியும். ஆனா வார காலுக்கு ஒரு கொறயும் இல்ல, மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். வெளிய அடிக்க ஒரு பட்டன் போன் வேணும். அடில டி (டோன்), பி (பல்ஸ்) ன்னு சுவிட்ச் இருந்தா டி-ல வைங்க.

கார்த்தி: அடிச்சுப் பாத்துட்டேன். ஆச்சி எடுத்தாவ

ராஜி அத்தை: என்ன சொன்னாவ?

கார்த்தி: வச்சிட்டாவ. காசு ஆகும்னுட்டு

செல்வி மதினி: அடுக்களைல அந்த வெள்ளப் பட்டன் போன் கெடக்கு

சங்கர்: அதையே மாட்டுங்க. செல்லுக்கு அடிக்கும்போது முன்னால சைபர் போடணும், 2021 ஜனவரி 15லேருந்து அப்படித்தான். ஒரே லைன்ல பழைய மணி போன் ரெண்டு மூணுக்கு மேல வேண்டாம், மணி மெலிஞ்சிரும்.

பெரியப்பா: கொட அன்னைக்குக் கரண்டு போகும்

சங்கர்: ஆமா, அது முக்கியம். முன்ன எக்ஸ்சேஞ்சு பேட்டரிலேருந்து ஒயர்லயே கரண்டு வந்துச்சு, ஊரே இருண்டாலும் போன் பேசும். இப்ப பெட்டி அணஞ்சா போனும் அணஞ்சிரும். இன்வெர்ட்டர் பிளக்குல பெட்டிய மாட்டுங்க. அது எட்டலன்னா மினி யூபிஎஸ். பெட்டியோட சார்ஜர்ல 12 வோல்ட், எத்தன ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கும். அதுக்குக் கொறயாம வாங்கணும்.

மும்பை சித்தப்பா: அப்ப என் அடாப்டர் குப்பைக்கா?

சங்கர்: இல்ல சித்தப்பா, அதுக்கு வேற வேல இருக்கு. எச்டி801க்குப் பல்ஸ் புரியும். வாங்குன புதுசுல அது அணச்சு இருக்கும், செட்டிங்ல 'பல்ஸ் டயலிங்' எஸ்-னு மாத்தணும். சிவப்பு போன அதுல மாட்டிட்டு, நீங்களும் அங்க ஒண்ணு மாட்டி, நமக்குள்ள உங்களுக்கு 102-னு நம்பர் வச்சிட்டா ஆச்சி 102 சுத்துனா போதும், மும்பைல மணி அடிக்கும். நெட்டுக்குள்ளயே போற கால், காசு கிடையாது. வெளி நம்பருக்குப் போகாது. அது லைசென்ஸ் உள்ள கம்பெனி வழியாத்தான் போகணும், அந்தக் குறுக்குவழி நமக்கு வேண்டாம்.

கார்த்தி: ரெண்டையும் சேக்குத சர்வர் நான் போடுதேன். ஆஸ்டெரிஸ்க், எக்ஸ்சேஞ்சு வேல செய்யுத சாப்ட்வேர்

சங்கர்: போடு. ரெண்டு வீட்டு அடாப்டரும் ரவுட்டருக்குப் பின்னால (NAT) மறஞ்சு இருக்கு, இணைப்பு அறாம இருக்க கீப் அலைவ் 20 வினாடி வை. கோடெக் (பேச்ச டிஜிட்டலா மாத்துத முறை) ஜி.711 ஏ-லா, ஒரு பக்கத்துக்கு 90 கேபிபிஎஸ் கூட ஆகாது. ஒருத்தர் பேசுறது மட்டும் கேட்டு மத்தவர் பேசுறது கேக்கலன்னா ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜிங்குத செட்டிங்க அணை, பாதி கோளாறு அதுலதான் இருக்கும். அடாப்டரோட ஐபி (நெட் முகவரி) தெரிய மூணு நட்சத்திரம் அமுக்கி 02 போட்டா அதுவே வாசிச்சுச் சொல்லும். சிவப்புல நட்சத்திரம் கிடையாது, அதுக்கு வெள்ள போன மாட்டிக்கோ. அடாப்டர் செட்டிங்குக்குள்ள நுழையுத பாஸ்வேர்ட மொதல்ல மாத்து.

ராஜி அத்தை: வெள்ள போன்ல அடிக்கலாம், பேசலாம். அப்ப செவப்பு சும்மாதான கெடக்கும்?

மும்பை சித்தப்பா: அதான் எனக்குப் போடுதாங்கல்லா

ராஜி அத்தை: பாகம் பிரிச்சப்ப அப்பா போன எனக்குன்னு சொன்னது ஞாபகம் இருக்கா அண்ணே

பெரியப்பா: கொட முடியட்டும்

ராஜி அத்தை: போன கொடைக்கும் இதத்தான் சொன்னிய

செல்வி மதினி: தம்பி, திண்ண ரோசட்டக் கழத்திட்டேன். ரெண்டு இல்ல, நாலு கம்பி இருக்கு

சங்கர்: எதையும் தொடாதீய. போட்டோ அனுப்புங்க. வீட்டுல டேப் இருக்கா?

செல்வி மதினி: இல்ல

சங்கர்: நாளைக்கு வாரப்ப வாங்கிட்டு வாரேன்

பெரியப்பா: அப்படியே கொட வரியும் கொண்டு வா