குரூப் பாலிசியில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியுமா?

அப்பாவுக்கு 67 வயது, மதுரையில் இருக்கிறார். சர்க்கரை உண்டு, 2021இல் ஸ்டென்ட் வைத்தது. 2018 முதல் என் கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் இருக்கிறார். இந்த மாதக் கடைசியில் வேலையை விடுகிறேன், அத்தோடு பாலிசியும் முடிகிறது.

அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசி கேட்டேன். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம், கண்புரைக்கு 24 மாதம் காத்திருந்த பிறகே க்ளெய்ம் கிடைக்குமாம். பிரீமியத்தில் லோடிங் (நோய் இருப்பதால் கூடுதல் தொகை) வேறு, பில்லில் 20% நம் கையிலிருந்து. இன்னொரு நிறுவனம் ஆஞ்சியோ ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே மறுத்துவிட்டது. ஆயுஷ்மான் பாரத் மூத்தோர் அட்டை 70 வயதில்தான், அதுவரைக்கும்தான் பயமே. 'குரூப்புல இருந்த வருஷம் கணக்குல வராது' என்கிறார் ஏஜென்ட். ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளில் மைக்ரேஷன், அதாவது பழைய வருடங்களின் கணக்கோடு அதே நிறுவனத்தின் வேறு பாலிசிக்கு மாறுவது, இருக்கிறதே என்று அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை.

இப்படி மாறி, பழைய வருடங்களைக் கழித்து வாங்கியவர்கள் என்னென்ன சான்று கொடுத்தீர்கள்?