ஹோய்லண்ட் விசயம்: ஆளு சரியில்லையா, பந்து போகலையா?

ஈரோடு_ரெட்

மான்செஸ்டர் யுனைடெட்காரங்க எல்லாம் கொஞ்சம் வாங்க. 2023 ஆகஸ்ட்ல இத்தாலி கிளப்பு அட்டலாண்டாவுக்கு 64 மில்லியன் பவுண்டு கொடுத்து, மேல 8 மில்லியன் போனஸும் பேசி ஸ்ட்ரைக்கர் ஹோய்லண்டை எடுத்தோம். அன்னைக்கு ரேட்டுக்கு போனஸ் இல்லாமயே 670 கோடி ரூபா வரும். முதல் சீசன் லீக்ல 10 கோல். அடுத்த சீசன் 32 மேட்ச்ல 4. 2024 டிசம்பர்ல பில்சன் கூட ரெண்டு அடிச்சவன், மார்ச் 16 லெஸ்டர் மேட்ச் வர்ற வரைக்கும் 21 ஆட்டம் கோலே இல்லாம ஓடிட்டிருந்தான். 2025-26 சீசனுக்கு லோன்ல இத்தாலியோட நாப்போலி போனான், ஃபியோரென்டினா கூட முதல் ஆட்டத்துலயே கோல். அப்பறம் ஸ்போர்ட்டிங் கூட ரெண்டு.

கேள்வி ரெண்டுதானுங்க. நம்மகிட்ட சொதப்புனது ஆளா, ஆட்டமா? நாப்போலி அவனை வாங்கறதுன்னா 44 மில்லியன் யூரோன்னு பேசியிருக்காங்களே, அந்தத் தொகை எந்தக் கணக்குல வந்துது? "ஃப்ளாப்பு"ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் போறவங்க அப்படியே அக்கட்டால போயிருங்க.

பொள்ளாச்சி_நெம்பர்9

ஆட்டம்தான். மொதல்ல ஒரு விசயத்தைப் பாருங்க. 2024-25 லீக்ல மொத்த டீமே 38 மேட்ச்ல 44 கோல்தான். 15வது இடம். டாப் ஸ்கோரர் புரூனோவும் அமாதும், ஆளுக்கு 8. அந்த டீம்ல எந்த ஸ்ட்ரைக்கரைப் போட்டாலும் 15 கோல் கேக்க முடியாது.

கோலை எண்ணாதீங்க, ஷாட்டை எண்ணுங்க. பாக்ஸுக்குள்ள ஒரு ஸ்ட்ரைக்கருக்கு வர்ற சராசரி வாய்ப்பை 0.15 எக்ஸ்ஜின்னு வெச்சுக்கலாம் (எக்ஸ்ஜின்னா ஒரு ஷாட் கோலாகற வாய்ப்போட அளவு). 90 நிமிசத்துக்கு ஒன்றரை ஷாட்னா, 30 முழு ஆட்டத்துக்கு 6, 7 கோல் வரும். அதே ஆளுக்கு மூணு ஷாட் கிடைச்சா 13, 14. காலு அதே காலுதான். மேட்ச் எண்ணிக்கையை வெச்சும் ஏமாறாதீங்க, நிமிசத்தை வெச்சுப் பாருங்க. 70வது நிமிசம் எறங்கினாலும் மேட்ச் கணக்குல ஒண்ணுதான். பெனால்டியைக் கழிச்சிருங்க, அது ஒண்ணே கிட்டத்தட்ட 0.8. 900 நிமிசத்துக்குக் கீழ இருக்கற எந்தக் கணக்கையும் நம்பாதீங்க. நாப்போலியில இப்ப அடிக்கறதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஏன் ஷாட் வரலைங்கறதுக்கு வர்றேன். ஹோய்லண்ட் இடது காலன். அவனோட நல்ல ஓட்டம் ஒண்ணுதான்: சென்டர் பேக்குக்கு முன்னால வெட்டி, பக்கத்து போஸ்டுக்குப் போறது. அதுக்குப் பந்து தரையோட, மொதல் டச்சுலயே வரணும். அப்ப கோச்சா இருந்த அமோரிமோட 3-4-2-1ல (பின்னால மூணு டிஃபென்டர், ரெண்டு ஓரத்துலயும் மேலயும் கீழயும் ஓடற விங்பேக்) வலது விங்பேக் அமாத், இடது காலன். டோர்கு பிப்ரவரியில வர்ற வரைக்கும் இடதுபக்கம் பெரும்பாலும் டலோ, வலது காலன். ரெண்டு பேருமே லைனுக்கிட்ட வந்ததும் பந்தை நிறுத்தி, உள்ள திருப்பி, நல்ல காலுக்கு மாத்துவாங்க. அந்த ஒன்றரை நொடியில ஓட்டம் முடிஞ்சுரும், டிஃபென்டர் ரெண்டு பேரும் நின்னு பாத்துட்டிருப்பான். பொறவு வர்ற கிராஸ் உள்ள வளைஞ்சு கீப்பர் கைக்குத்தான் போகும். அதுக்கு முந்தின கோச் டென் ஹாக் காலத்துலயும் இதே கதைதான். ராஷ்போர்டு இடதுல வலது காலன், உள்ள வெட்டி அவனே அடிச்சுருவான்.

விங்பேக் வெச்சு ஆடறதே தப்புன்னு சொல்லலைங்க. ஹோய்லண்ட் ஆடினப்ப காஸ்பெரினி கோச்சா இருந்த அட்டலாண்டாவும் மூணு டிஃபென்டர், ரெண்டு விங்பேக்தான். அங்க ஆளுக்கு ஆள் புடிச்சு, பந்தைப் பறிச்ச மறுநொடி முன்னால போட்டுருவாங்க. அமைப்பு ஒண்ணுதான், பந்து போற நேரம் வேற. ஸ்போர்ட்டிங் மேட்சுல அவன் அடிச்ச ரெண்டுமே நாப்போலி மிட்ஃபீல்டர் டி ப்ரூய்ன கொடுத்தது. ஒண்ணு கவுன்டர்ல ஓட்டத்துக்கு முன்னால வெச்சுக் கொடுத்தது, இன்னொண்ணு தலைக்கு வந்த கிராஸ்.

இன்னொரு சாட்சி வேணும்னா 2024 பிப்ரவரி 18 லூட்டன் மேட்சைப் போட்டுப் பாருங்க. 37 நொடியில வந்த கோல், எதிராளி தப்பாத் தட்டின பந்தை இவன் புடுங்கி கீப்பரைச் சுத்திப் போட்டது. ரெண்டாவது, கர்னாச்சோ அடிச்ச ஷாட் இவன் நெஞ்சுல பட்டு உள்ள போனது. ரெண்டுமே இவனுக்குன்னு யாரும் கொடுத்த பந்து இல்ல. அன்னைக்கோட தொடர்ந்து ஆறு லீக் மேட்சுல அடிச்சிருந்தான், அந்தச் சாதனைக்கு பிரீமியர் லீக்லயே அவன்தான் வயசுல சின்னவன்.

கோபி_ஆஃப்சைடு

பொள்ளாச்சி அண்ணா, பந்து வரலைங்கறது சரி. ஆனா வந்த பந்தை என்ன பண்ணினான்?

ஒத்தை ஸ்ட்ரைக்கர்னா பாதி வேலை கோலுக்கு முதுகு காட்டி நின்னு பந்தைப் புடிச்சு வெக்கறது. அங்கதான் இவன் கோட்டை விடறான். பந்து வர்றதுக்கு முன்னாலயே டிஃபென்டர் கூட மல்லுக்கட்ட ஆரம்பிச்சுர்றான். கவனம் எல்லாம் முதுகுல, பந்து வந்ததும் மொதல் டச் ரெண்டு மீட்டர் தள்ளிப் போகுது. நம்ம டீம் மேல ஏறி வர்ற நேரம் பந்து போயிருச்சுன்னா அடுத்தது எதிராளி கவுன்டர்தான். செய்ய வேண்டியது நேர் எதிர். பந்து கெளம்பற வரைக்கும் ரெண்டு அடி விலகி நின்னு, கெளம்பினதும் பந்தை நோக்கி வந்து, ஒடம்பைப் பக்கவாட்டுல திருப்பி, தூரத்துக் கால்ல வாங்கணும்.

ரெண்டாவது, ஓட்டத்துல மாத்தமே இல்ல. எப்பப் பாத்தாலும் பக்கத்து போஸ்ட். மூணு தடவை பாத்த சென்டர் பேக் நாலாவது தடவை அங்க முன்னாலயே நிப்பான். ஒரு தடவை பின்னால நழுவி பெனால்டி ஸ்பாட்டுக்கிட்ட நின்னாப் போதும், லைன்ல இருந்து பின்னால இழுத்துப் போடற பந்து (கட்பேக்) நேரா அங்கதான் வரும். மூணாவது, பாஸ் பண்றவன் தலையைத் தூக்கறதுக்கு முன்னாலயே ஓட ஆரம்பிச்சுருவான். ஒண்ணு ஆஃப்சைடு, இல்லைன்னா பந்து வர்றப்ப நின்னுட்டிருப்பான்.

சந்தேகம்னா பழைய மேட்ச் ஒண்ணைப் போட்டு 20 நிமிசம் பந்தையே பாக்காம அவனை மட்டும் பாருங்க. காகிதத்துல மூணு கோடு: ஓடினான், பாஸ் போட்டாங்க, கைவசம் ஆச்சு. முதல் கோட்டுல எக்கச்சக்கமா விழுந்து ரெண்டாவதுல ஒண்ணும் இல்லைன்னா அண்ணன் சொல்றது சரி. ரெண்டாவது நெறஞ்சு மூணாவது காலின்னா நான் சொல்றது சரி. டீவி கேமரா பந்து பின்னாலயே போறதால ஓட்டத்துல பாதி திரையிலயே வராது, அதையும் மனசுல வெச்சுக்கங்க.

வாங்கினவங்க மேலயும் கொறை இருக்கு. அட்டலாண்டா 2022ல சுமார் 17 மில்லியன் யூரோவுக்கு எடுத்த பையன், இத்தாலி லீக்ல ஒரே சீசன், 9 கோல். வந்தப்ப வயசு 20, முதுகுல காயத்தோட. வளர்ற பையனுக்கு விளைஞ்ச விலை கொடுத்துட்டு, மேல பாரம் தாங்க ஒரு மூத்த ஸ்ட்ரைக்கரையும் கூட வெக்கலை. அதே 2023 ஆகஸ்ட்லதான் விளைஞ்ச ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் ஜெர்மனியோட பேயர்னுக்குப் போனான்.

திருப்பூர்_லெட்ஜர்

அந்த 44 மில்லியனுக்கு நான் பதில் சொல்றனுங்க. வாங்கின விலையை ஒரே வருசச் செலவா எழுத மாட்டாங்க. நிட்டிங் மிசின் வாங்கி வருசா வருசம் தேய்மானம் போடற மாதிரி, கான்ட்ராக்ட் எத்தனை வருசமோ அத்தனையால வகுப்பாங்க. ஹோய்லண்டுக்கு 5 வருசம். 64 வகுத்தல் 5, வருசத்துக்கு 12.8 மில்லியன். 2025 கோடையில ரெண்டு வருசம் கழிஞ்சது, புத்தகத்துல மீதி 38.4. இப்ப 44 மில்லியன் யூரோவைப் பவுண்டுக்கு மாத்துங்க, சுமார் 38. அதுக்குக் கீழ வித்தா வித்தியாசம் பூரா அந்த வருசமே நஷ்டமா ஏறும். 2025-26 சீசன் வரைக்கும் இருந்த பிரீமியர் லீக் விதிப்படி 3 வருசத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் நஷ்டம்தான் அதிகபட்சம், அதனால எந்தக் கிளப்பும் புத்தக விலைக்குக் கீழ எறங்க யோசிக்கும். ஏஜென்ட் கமிசனும் இதுலயே சேரும், போனஸ் கொடுக்கக் கொடுக்க ஏறும். அதனால உண்மை நெம்பர் கொஞ்சம் மேலதான் இருக்கும். கூடுதல் ஒரு வருச ஆப்சன் இந்த வகுத்தல்ல வராது.

ஈரோடு_ரெட்

அண்ணா, ஒரு சந்தேகம். இது நேரடி விற்பனை இல்லீங்களே? லோன்தானே? நாப்போலி சாம்பியன்ஸ் லீக் தகுதி வாங்கினாத்தான் கட்டாயம் வாங்கணும்னு போட்டிருக்காங்க.

திருப்பூர்_லெட்ஜர்

சரியாப் புடிச்சீங்க. நிபந்தனை இல்லாத கட்டாயம்னா கணக்குல அன்னைக்கே விற்பனைதான். நிபந்தனை இருக்கறதால அது நிறைவேறற வரைக்கும் ஆளு நம்ம புத்தகத்துலதான், லோன் வருசத்துக்கான 12.8ஐயும் நம்மதான் எழுதணும். அதுக்கு ஈடா லோன் தொகை 6 மில்லியன் யூரோ வருது. 2026 ஜூன்ல மீதி 25.6 ஆயிரும். அன்னைக்கு 38க்குப் போனா 12 மில்லியன் கிட்ட லாபமா வரும். ஆகமொத்தம், வர்ற வருசம் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனா லோன் தொகையைச் சேர்க்காமப் பாத்தா, கையில இருந்து போன பணத்துல 26 மில்லியன் போனது போனதுதான். வெளியில "லாபத்துக்கு வித்தோம்"னு எவனாவது பீத்தினா நம்பாதீங்க.

இதே நாப்போலிக்கு 2024ல மெக்டாமினேவைக் கொடுத்தோமே, அவன் நம்ம அகாடமிப் பையன், புத்தக விலை பூஜ்யம். வந்த பணம் பூரா லாபம். கிளப்புங்க எல்லாம் ஊட்டுப் பிள்ளையை மொதல்ல விக்கறது இதனாலதான். போன ஆளு சாம்பியன் பட்டம் ஜெயிச்சு அந்த லீக்லயே சிறந்த ஆட்டக்காரன் விருதும் வாங்கிட்டான், அந்த வயித்தெரிச்சல் எந்த லெட்ஜர்லயும் ஏறாது.

சிங்காநல்லூர்_ஈஸ்ட்

பந்து போனா கோல் வரும்ங்கறதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போகோணுமா? நம்ம கோவை நேரு ஸ்டேடியத்துலயே பாத்தோமே. 2018-19ல இந்தியாவோட ஐ-லீக்ல சென்னை சிட்டிக்கு ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மன்சி 21 கோல். வர்றப்ப அவரை இங்க யாருக்கும் தெரியாது. பின்னால நெஸ்டர், சான்ட்ரோ ரெண்டு பேரும் தலையைத் தூக்கிப் பாத்து, ஓட்டத்துக்கு முன்னாலயே பந்தை வெச்சாங்க. கடைசி நாள் மினர்வாவை 3-1 அடிச்சு இதே ஊர்லதான் கப்பைத் தூக்கினது. என்ன, அந்த டீம்ல பாஸ் பண்றவனும் ஸ்ட்ரைக்கரும் ஒண்ணாவே எடுத்த ஆளுங்க. யுனைடெட் 2023ல ஸ்ட்ரைக்கருக்கு 64, மிட்ஃபீல்டர் மவுன்டுக்கு 55, கீப்பர் ஒனானாவுக்கு போனஸ் சேர்த்து 47ன்னு தனித்தனியாக் கொட்டுச்சு. லைனுக்குப் போய்ப் பந்து போட ஒரு ஆள் கூட அந்தப் பட்டியல்ல இல்ல.

ஈரோடு_ரெட்

அப்ப 2025ல எடுத்த புது ஸ்ட்ரைக்கர் ஷெஷ்கோவுக்கும் இதே கதி ஆயிருமா? 66 மில்லியன், அதுவும் 5 வருசம்.

கோபி_ஆஃப்சைடு

கொஞ்சம் வித்தியாசம் இருக்குது. ஷெஷ்கோ 1.95 மீட்டர், வலது காலன், உள்ள வளைஞ்சு வர்ற கிராஸுக்குத் தூரத்து போஸ்டுல தலை எட்டும். நம்ம டீம்ல வலது பக்கம் ஆடற ம்பேமோ இடது காலன், அதனால அந்தப் பக்கம் இருந்து வர்ற பந்து ஹோய்லண்டை விட இவனுக்குத்தான் தோதா இருக்கும். ஆனா மல்லுக்கட்டறது, புடிச்சு வெக்கறது ரெண்டுலயும் இவனும் இன்னும் பழகோணும். 900 நிமிசம் ஆகட்டும், அந்த மூணு கோட்டையும் போட்டுப் பாத்துட்டு வந்து திட்டுங்க.

திருப்பூர்_லெட்ஜர்

ரெண்டு வருசம் கழிச்சு வித்தா 39.6க்குக் கீழ போகக் கூடாதுங்க. இப்பவே எழுதி வெச்சுக்கங்க.