புதுப்பிப்பு: வயர் போகிறது, பலூன் போகவில்லை – லேசரில் திறந்தது

ஏற்காட்டிலிருந்து சேலம் வந்த நோயாளி. வலது இதயத் தமனி அடைப்பை 0.014 அங்குல வழிகாட்டி வயர் கடந்தும், அதை விரிக்கும் 1 மி.மீ. பலூன் நுழையவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது எக்ஸைமர் லேசர் (புற ஊதா ஒளித் துடிப்புகளால் அடைப்பைக் கரைக்கும் கருவி) யோசனை. அடைப்பைச் சுழன்று அரைக்கும் ரோட்டாபிளேட்டருக்குத் தனி வயர் வேண்டும். லேசரோ ஏற்கெனவே இருந்த வயரிலேயே ஏறியது. 308 நானோமீட்டர் அலைநீளம், 0.9 மி.மீ. கதீட்டர் (மெல்லிய குழாய்). 45 ஃப்ளூயன்ஸ் (சதுர மி.மீ.க்கு விழும் ஆற்றல், மில்லிஜூலில்), 25 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 25 துடிப்பு) அசையவில்லை. இரண்டையும் முறையே 60, 40க்கு ஏற்றியதும் அடைப்பு வழிவிட்டது. கதீட்டரை விநாடிக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் தள்ளவில்லை.

சலைன் (உப்புநீர்) விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. மிஞ்சிய கான்ட்ராஸ்ட் (எக்ஸ்-ரேயில் தமனியைக் காட்டும் மருந்து) லேசரை உறிஞ்சிக் குமிழியாகி வெடித்தால் தமனிச் சுவர் கிழியும். டியூபைக் கழுவி, சிரிஞ்சை மாற்றி, லேசர் ஓடும்போதெல்லாம் சலைன் விட்டோம்.

எதிர்பாராதது: தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பு (கால்சியம்) வளையம் அப்படியே நின்றது. லேசர் கால்சியத்தை அவ்வளவாகத் தொடாது. 18 அட்மாஸ்பியரில் நான்-கம்ப்ளையன்ட் (அதிக அழுத்தத்திலும் அளவு மீறி உப்பாத) பலூன் முழுதாக விரிந்த பிறகே ஸ்டென்ட் வைத்தோம்.