ஈராசிரியர் பள்ளிக்கு டிவியா, தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஓர் ஆளா?

தேன்கனிக்கோட்டை பழைய மாணவன்:
எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஸ்மார்ட் டிவி வாங்கித் தரப் பணம் சேர்த்திருக்கிறோம். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்தான். பிள்ளைகள் வீட்டில் பேசுவது தெலுங்கு, கன்னடம், சில வீடுகளில் உருது. டிவி வேண்டாம், அந்தப் பணத்தில் உள்ளூர்ப் பெண் ஒருவரை உதவிக்கு வையுங்கள் என்கிறார் அங்குள்ள டீச்சர். எது சரி?

அஞ்செட்டி டீச்சர்:
அவர் சொல்வதுதான் சரி. போன வருடம் ஒன்றாம் வகுப்பில் மழைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன், ஒரு சின்னப் பிள்ளை "வான" என்றாள். வானம் இல்லம்மா, மழை என்று திருத்தினேன். முகம் சுருங்கி உட்கார்ந்தவள் மதியம் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் சத்துணவு அக்காதான் சொன்னார், டீச்சர், தெலுங்கில் வான என்றாலே மழைதானே என்று. பிள்ளை சரியாகச் சொல்லியிருக்கிறாள், நான்தான் தப்பு என்றிருக்கிறேன். பக்கத்தில் "மளெ" என்ற கன்னடப் பையன் பிழைத்துக்கொண்டான், அது நம் மழைக்குக் கிட்டத்தில் இருப்பதால். இதை எந்த டிவி காதில் வாங்கும்? இப்போது செயல்வழிக் கற்றல் காலத்தில் பிள்ளைகளே எழுதச் சுவரில் தாழ்வாக அமைத்த கரும்பலகையில் அவரவர் படம் வரைந்து, வீட்டுச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் தமிழில் எழுதுகிறார்கள். செலவு சாக்பீஸ் மட்டும்.

பாலக்கோடு வாத்தியார்:
டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். 2022ல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து முதல் மூன்று வகுப்புக்கும் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் செயல்பாடு நடத்தவே நேரம் சரியாகிவிடும், நாலும் அஞ்சும் பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். இருபது நிமிடம் ஒரு வீடியோ ஓடினால் அவர்களும் படிப்பார்கள். நெட்வொர்க் வேண்டாம், புத்தகத்தின் கியூஆர் கோடு வீடியோவை வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகிறேன். ஒகேனக்கல்லைத் தாண்டித் தண்ணீர் பார்க்காத பிள்ளைக்குக் கடலை வாயால் எவ்வளவுதான் சொல்வது?

ஓசூர் அப்பா:
வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, போன் என்னோடு கம்பெனிக்கு வந்துவிடுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு நான் வரும்போது பையன் தூங்கிவிடுகிறான். போனை நம்பி எதுவும் செய்யாதீர்கள், டிவி என்றால் பள்ளியிலேயே இருக்கும்.

அஞ்செட்டி டீச்சர்:
கடல் வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை சார். முதலில் எது என்பதுதான் கேள்வி. 2009 கல்வி உரிமைச் சட்டம், முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக்கொடுங்கள் என்கிறது. அதே சட்டம் அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் போதும் என்றும் சொல்கிறது. அந்த இருவருக்கும் தெலுங்கு தெரியாவிட்டால் பிள்ளை யாரிடம் பேசும்?

பாலக்கோடு வாத்தியார்:
"வான" விஷயம் உறைத்தது, நானும் எத்தனை பிள்ளையை அப்படித் திருத்தினேனோ. ஆனால் சேர்த்த பணம் தீர்ந்த பிறகு அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் யார் தருவது? பாதியில் நிறுத்தினால் பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள்.

தேன்கனிக்கோட்டை பழைய மாணவன்:
நியாயமான கேள்வி. டிவி ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன். வருடாவருடம் ஆளுக்கு எவ்வளவு தர முடியும் என்று எங்கள் ஆட்களிடம் முதலில் கேட்டுவிட்டு வருகிறேன்.